ஓட்டை விழுந்த காரும் மெஹ்ரோலித் தூணும்

1983 டிசம்பர் 14. டெல்லியில் ஹர்பால் சிங் என்பவரின் கையில் ஒரு கார்ச் சாவியைக் கொடுத்தார் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. குலுக்கலில் பெயர் விழுந்ததால் அவருக்குக் கிடைத்த அந்தக் கார்தான் இந்தியாவின் முதல் மாருதி 800. எண் டிஐஏ 6479. 2010-இல் காலமாகும் வரை ஹர்பால் சிங் அதை யாருக்கும் விற்கவில்லை. அவருக்குப் பிறகு கிரீன் பார்க்கில் வீட்டு வாசலிலேயே வெயிலிலும் மழையிலும் நின்று, துருவேறிப் பரிதாபமாகிவிட்டது அந்த வண்டி. அதன் படங்கள் ஊரெல்லாம் சுற்றின. பிறகு மாருதி நிறுவனமே அதைப் புதுப்பித்துத் தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது.

கிரீன் பார்க்கிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் மெஹ்ரோலி. அங்கே குதுப் மினார் வளாகத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. சுமார் 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. குப்தர் காலத்தில், ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பு செய்தது. அதன் மீதும் அதே மழைதான் பெய்கிறது. ஜனவரி மாத மூடுபனியும் அதேதான். ஆனாலும் அரசர் சந்திரனின் புகழைப் பாடும் எழுத்துகளை இன்றும் அதில் படிக்க முடிகிறது. கார் மட்டும் ஏன் இப்படி ஆனது?

முதலில் துரு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு வரும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சரிதான். ஆனால் அதற்குள் மின்சாரமும் இருக்கிறது என்பதைப் பாடப் புத்தகம் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறது. கேம்பிரிட்ஜில் இருந்த யூலிக் எவான்ஸ் என்ற வேதியியலாளர் பளபளப்பான இரும்புத் தகட்டில் ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை விட்டுக் கவனித்தார். சொட்டின் ஓரத்துக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் சுலபமாக வந்து சேரும். நடுப்பகுதிக்கு அவ்வளவாகப் போகாது. அப்படியானால் ஓரம்தானே முதலில் அரிக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு. நடுவில்தான் இரும்பு கரைந்தது. அங்கிருந்து புறப்பட்ட எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்குப் போய் ஆக்சிஜனோடு சேர்ந்தன. இரண்டுக்கும் இடையில் வளையம் போலத் துரு படிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஒரு குட்டி பேட்டரி!

இப்போது காருக்கு வருவோம். சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவின் உட்புறம், கதவின் அடிமடிப்பு, தரை விரிப்புக்குக் கீழே உள்ள தகடு, இந்த இடங்களில்தான் ஓட்டை விழும். ஈரமான சேறு போய் ஒட்டிக்கொண்டு, காற்று புகாமல் மூடிவிடும் இடங்கள் இவை. எவான்ஸின் சொட்டுக்கு நடுப்பகுதி எப்படியோ, காருக்கு இவை அப்படி. வெளியே பெயின்ட்டில் கடுகளவு கொப்புளம்தான் தெரியும். விரலால் அழுத்தினால் உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தகடே இருக்காது. துருவுக்கு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் தேவை. அதனால் பெயின்ட்டைக் கீழிருந்து தூக்கிக்கொண்டே பக்கவாட்டில் பரவுகிறது.

காரின் தகடு என்ன கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர். பெயின்ட் எல்லாப் பூச்சும் சேர்த்து 0.1 மில்லிமீட்டர்.

மெஹ்ரோலித் தூணிலும் துரு உண்டு. அதை ஆராய்ந்தவர் கான்பூர் ஐஐடியில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம். தூணைப் போர்த்தியிருக்கும் துருப்படலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். 1,600 ஆண்டுகளில் வளர்ந்தது அவ்வளவே. காரணம், அந்தக் காலக் கொல்லர்கள் கரியை எரித்து இரும்பு எடுத்த முறை. இன்றைய எஃகு ஆலையில் சுண்ணாம்பு போடுகிறார்கள். தாதுவில் இருக்கும் பாஸ்பரஸைப் பிரித்தெடுக்க இன்று சுண்ணாம்பு உதவுகிறது. அன்று சுண்ணாம்பு போடவில்லை. ஆகவே பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது. ஈரம் படும்போதெல்லாம் அந்தப் பாஸ்பரஸ், இரும்போடு சேர்ந்து பாஸ்பேட்டாக மாறி, மேற்பரப்பில் நெருக்கமான படலமாகப் படிந்தது. அந்தப் படலத்தைத் தாண்டித் தண்ணீரும் ஆக்சிஜனும் உள்ளே போவது பெரும்பாடு.

டெல்லியின் காற்று வருடத்தில் பல மாதம் வறண்டிருப்பதும் தூணுக்கு உதவியாக இருந்தது. ஆனால் வறண்ட காற்று மட்டுமே போதும் என்றால் கிரீன் பார்க் காருக்கு அந்தக் கதி வந்திருக்காதே! தூணுக்கே கூட மண்ணுக்குள் புதைந்த பகுதி அரித்துத்தான் போயிருந்தது. மேலே மழை விட்டதும் உலர்ந்துவிடும். கீழே ஈரம் உலரவே உலராது. தூணை இரு கைகளாலும் பின்புறமாகக் கட்டிப் பிடித்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி ஆட்கள் தேய்த்துத் தேய்த்து, அந்தப் படலத்துக்கும் ஆபத்து வந்தது. 1997-இல் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள்.

அப்படியானால் பாஸ்பரஸ் நிறைந்த இரும்பிலேயே கார் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. பாஸ்பரஸ் கூடினால் இரும்பு எளிதில் விரிசல் விடும். கதவு மாதிரி வளைத்து மடக்கும் தகட்டுக்கு அது ஆகாது. ஆனால் கார் தொழிற்சாலைக்காரர்கள் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்பு காரின் கூட்டை அப்படியே பாஸ்பேட் கரைசல் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். பல வண்டிகளில் தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சும் உண்டு. தம்பிக்கு விழ வேண்டிய அடியை முன்னே நின்று தான் வாங்கிக்கொள்ளும் அண்ணன் போல, இரும்புக்கு முன் துத்தநாகம் கரையும்.

சரி, ஓட்டை விழுந்தே விட்டது. பட்டறைக்குப் போனால் துருப்பிடித்த பகுதியை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வார்கள். சின்ன ஓட்டையாக இருந்தால், வெல்டிங் இல்லாமல் வீட்டு வாசலிலேயே அடைக்கவும் வழி உண்டு. பெரியவர்கள் செய்வார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். துருத்தூளும் கண்ணாடி இழைத் துகளும் மூச்சுக்குழாய்க்கு நல்லதில்லை. முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும்.

பலரும் ஓட்டையை அடைப்பதில்தான் அவசரப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், வேலையில் பாதிக்கு மேல் அதற்கு முன்பே இருக்கிறது. முதலில் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும்! ஸ்க்ரூடிரைவரால் சுற்றிலும் குத்திப் பார்த்து, பொருபொருவென்று உதிர்வதை எல்லாம் எடுத்துவிட்டு, நல்ல தகடு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். துருவின் மேலேயே பட்டி போட்டு மூடினால், உள்ளே அந்தக் குட்டி பேட்டரி நிம்மதியாகத் தன் வேலையைத் தொடரும். அடுத்த மழைக்காலத்துக்குள் அதே இடத்தில் மறுபடி கொப்புளம்.

எவ்வளவு தேய்த்தாலும் தகட்டின் நுண்குழிகளில் கொஞ்சம் துரு மிஞ்சும். அதற்கு ரஸ்ட் கன்வர்ட்டர் என்ற திரவம் கடையில் கிடைக்கிறது. பல புட்டிகளில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். அது துருவோடு சேர்ந்து இரும்புப் பாஸ்பேட்டாகிறது. எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதா? தூண் நூற்றாண்டுக் கணக்கில் மெதுவாகச் செய்துகொண்டதைப் புட்டிக்காரர் ஒரே மதியத்தில் செய்துவிடப் பார்க்கிறார். கண்ணில் பட்டால் ஆபத்தான அமிலம் அது.

வேறு சில புட்டிகளில் டானின் இருக்கும். அதை நீங்களே சோதிக்கலாம், அமிலம் வேண்டாம். பால் சேர்க்காத கடுந்தேநீரில் ஒரு துருப்பிடித்த ஆணியை இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். ஆணி கறுத்திருக்கும், தேநீரும் கறுத்திருக்கும். குடித்துவிடாதீர்கள்! தேயிலையில் உள்ள டானின், இரும்போடு சேர்ந்து உண்டாக்கிய கறுப்பு அது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்து மனிதர்கள் மை செய்தது இதே வேதியியலில்தான்.

அடுத்து ஒட்டு. ஓட்டையின் பின்புறம் கம்பி வலையையோ மெல்லிய தகட்டையோ வைத்து ஒட்டுவார்கள். சிலர் ரிவெட்டும் அடிப்பார்கள். அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைத்து, ரெசினில் நனைப்பார்கள். இதில்தான் வேடிக்கை. ரெசின் தேன் போல இருக்கும். 100 கிராமுக்கு 1 அல்லது 2 கிராம் ஹார்டனர் கலந்ததும், அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகப் பின்னிக்கொள்ளத் தொடங்கும். கிண்ணத்தைத் தொட்டால் சுடும். இது உலர்வதால் கெட்டியாவதில்லை, வேதிவினையால் கெட்டியாகிறது. டெல்லியின் மே மாத வெயிலில் அளவு கொஞ்சம் கூடினாலும் தூரிகையோடு சேர்த்துக் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். வீட்டுக் குழாயில் ஒழுகும் இடத்தில் அப்பா பிசைந்து ஒட்டும் எம்-சீலும் இரண்டு பொருள்கள் சேர்ந்து இறுகும் வகைதான். ரெசின் மட்டும் வேறு இனம்.

இறுகியதும் தேய்த்து, மேடுபள்ளம் சரியாக மேலே மெல்லிசாகப் பட்டி இழுத்து, மறுபடி தேய்த்து, பிரைமர், பெயின்ட். பின்பக்கத்தை மறந்துவிடுவார்கள் பெரும்பாலோர். பட்டி ஈரத்தை உறிஞ்சும். கதவின் உட்புறத்திலும் பிரைமரும் மெழுகுப் பூச்சும் அடிக்காவிட்டால் செய்த வேலை அவ்வளவும் வீண்.

இந்த வைத்தியம் கதவு, மட்கார்டு போன்ற சதைப்பகுதிக்கு மட்டும். காரின் எலும்புகள் வேறு: சேஸிஸ், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, சக்கரத்தின் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடம், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடம். விபத்தில் உயிரைக் காப்பவை இவை. இங்கே துரு தின்றிருந்தால் கண்ணாடி இழையும் பட்டியும் பார்க்க அழகாக மூடும், மோதும்போது அப்பளமாக நொறுங்கும். அங்கே வெல்டிங் தெரிந்த ஆள்தான் வர வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கார் இருந்தால், பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, நிறுத்தியிருக்கும்போது கதவைத் திறந்து அடி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். சின்னச் சின்னத் துவாரங்கள் அகப்படும். அவை துரு போட்டவை இல்லை, தொழிற்சாலையே போட்டவை. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காக. வேப்பிலையும் தூசியும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். ஈர்க்குச்சியால் மெல்லக் குத்திவிடுங்கள். அடைபட்டிருந்த கதவு என்றால், போன மழையின் தண்ணீர் செம்மண் நிறத்தில் உங்கள் செருப்பில் கொட்டும். கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.