நெல் மூடையும் லொறிப் பயணமும்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ35 வீதியில் அமைந்த ஊர் தர்மபுரம். காலபோக அறுவடை தொடங்கியதும் இத்தகைய வன்னி வீதிகளில் லொறிகள் மிகுந்துவிடும். வெறுமையாக வருவன பல. நெல் மூடைகளை ஏற்றிக்கொண்டு வெளிமாவட்ட ஆலைகளுக்குத் திரும்புவனவும் அவையே. வெறும் லொறி எரிபொருள் குடியாது என்று எண்ணலாகாது. நிறைபாரத்துடன் ஓடும்போது செலவாவதிற் பாதிக்கு மேல் அதற்கும் வேண்டும். ஒரு லீற்றர் டீசல் எரியுமிடத்து ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வளியிற் கலக்கின்றது.

ஏற்றிச் செல்லும் மூடைகளுக்குள் இருப்பது நெல் மட்டுந்தானா? அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல்லில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் இருப்பது வழக்கம். களஞ்சியத்துக்கு உகந்தது 14 பங்கே. 22 பங்கு ஈரமுள்ள 10,000 கிலோ நெல்லை அவ்வளவுக்கு உலர்த்தினால் எஞ்சுவது சுமார் 9,070 கிலோ. மிகுதி 930 கிலோவும் தண்ணீர்! உலர்ந்த நெல்லை ஊரிலேயே குற்றினால் பளு மேலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறையும். உமி மட்டுமே நெல்லின் எடையில் ஐந்திலொன்றாகும். தண்ணீரையும் உமியையும் கூலி கொடுத்து ஊர் கடத்துவது விந்தையான வாணிகமே.

இதிற் பெரிதும் இழப்பவன் கமக்காரன். வயலோரம் நிற்கும் லொறி புறப்படுமுன் ஈர நெல்லைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறான். நெல் சந்தைப்படுத்தும் சபையோ 14 பங்கு ஈரத்துக்கு மேற்பட்டதை உத்தரவாத விலைக்கு ஏற்பதில்லை.

புகையிரதம் இன்னொரு வழி. 1990இல் நின்ற வடபகுதிச் சேவை 2013இல் கிளிநொச்சிக்கும், 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. உருக்குத் தண்டவாளத்தில் உருளும் உருக்குச் சில்லுக்குத் தடை மிகச் சிறிது. ஆதலின் ஒரே பாரத்தை இழுக்க லொறியினும் குறைந்த எரிபொருள் போதும். ஆயினும் ஒருவரின் ஐம்பது மூடைக்கு ஒரு பெட்டி ஓடாது. பல கமக்காரரின் நெல்லை ஓரிடத்திற் சேர்த்து, உலர்த்தி, நாள் குறித்து ஏற்றவேண்டும். கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது புதிய வேலையன்று. வடக்கே வரும் சீமெந்தும் பசளையும் இறக்கிய வண்டிக்கே அந்நெல்லைத் திரும்புபாரமாக்கலாம்.

முதலில் வேண்டியது உலர்த்தும் களம். அஃதின்மையால் வன்னியில் தார் வீதியின் ஒரு பாதியிலே நெல் பரவிக் கிடக்க, மறுபாதியால் லொறிகள் ஒதுங்கிச் செல்கின்றன.