போறணையிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கு

மட்டக்களப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேக்கரிக்குள் உட்கார்ந்து சாப்பிட்ட நினைவு பெரும்பாலும் இருக்காது. அன்று பாண்தான் வாசல் தேடி வந்தது: சைக்கிள் கரியரில் மரப்பெட்டி, அதற்குத் தகர மூடி, விடியும் முன்னே ஒரு கூவல். கடைக்குள் இருந்ததெல்லாம் வெக்கையும் மாத்தூளும்தான்.

இன்று நகரத்திலிருந்து ஏறாவூர் போகும் ஏ15 வீதியில், தன்னாமுனை போன்ற வாவிக்கரை ஊரிலும் ஒரு பேக்கரி கபே திறக்கலாம் என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். குளிரூட்டி, வைஃபை, விளக்குப் போட்ட கேக் பெட்டி எல்லாம் இருக்கும் என்றே எதிர்பார்ப்பார்கள்.

அன்றைய பேக்கரி இரவுத் தொழில். மாலையில் மா குழைத்துப் புளிக்க வைப்பார்கள். ஈஸ்ட் எளிதாகக் கிடைக்காத காலத்தில் கள்தான் புளிப்பு. செங்கல்லால் வளைத்துக் கட்டிய போறணைக்குள் விறகு அடுக்கி மணிக்கணக்கில் எரிப்பார்கள். கல் சூடேறியதும் தணலை வெளியே இழுத்து, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்து, நீண்ட பலகைத் துடுப்பால் பாண்களை உள்ளே தள்ளி வாயை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நெருப்பு கிடையாது. கல் பிடித்து வைத்த சூட்டிலேயே பாண் வேகும். எவ்வளவு சூடு போதும் என்பது வேலைக்காரரின் கைக்குத்தான் தெரியும்.

மா மட்டும் ஒருநாளும் நம் கையில் இருந்ததில்லை. படுவான்கரையில் நெல் விளையும். கோதுமை இந்தத் தீவில் விளையாது. 1970களின் முற்பகுதியில், சிறிமாவோ ஆட்சிக்கால உணவுத் தட்டுப்பாட்டில், ஒரு இறாத்தல் பாணுக்காக விடியமுன் வரிசையில் நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1977இல் செய்த ஒப்பந்தத்தின்படி திருகோணமலையில் பிறிமா மா ஆலை எழுந்தது. ஏ15 வீதியின் மறுமுனை அது. ஆனால் அந்த வீதி நெடுகப் பாலங்கள் வரப் பல காலம் ஆயிற்று. கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009இல்தான்.

போர் இந்தத் தொழிலின் நேரத்தையே பறித்தது. இரவில் போறணை மூட்டவும் விடியமுன் சைக்கிள் மிதிக்கவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது. 1990 செப்டெம்பரில் சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி மக்கள் படுகொலை செய்யப்பட்டதை அயலூரான தன்னாமுனைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர் ஓய்ந்தபின் சைக்கிள் பெட்டியின் இடத்துக்குக் கண்ணாடிக் கூண்டு கட்டிய முச்சக்கரவண்டி வந்தது. கூவலுக்குப் பதில் பீத்தோவனின் மெட்டு. ‘சூன் பாண்’ என்று நாடே அதற்குப் பெயர் வைத்தது. பெட்டிக்குள் பாணோடு சீனி பணிஸ், மீன் பணிஸ், ரோல்ஸ் எல்லாம் சேர்ந்துகொண்டன. பேக்கரிகளில் விறகு போய் எரிவாயுவும் மின்சாரமும் வந்தன. அதன் மறுபக்கத்தை 2022 காட்டியது. அந்த மார்ச்சில் எரிவாயு இல்லாமல் ஏறக்குறைய 1000 பேக்கரிகள் மூடப்பட்டதாக பேக்கரி உரிமையாளர் சங்கம் சொன்னது. பழசென்று இடித்துவிடாமல் விறகுப் போறணையை வைத்திருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது.

இன்றைய கபே விற்பது பாணை அல்ல, இருக்கையை. அதில் தவறொன்றும் இல்லை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளும் பாசிக்குடாவுக்குப் போகும் பயணிகளும் இந்த வீதியால்தான் போகிறார்கள். நாலு பெண்பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க அன்றைய கடைத்தெருவில் இடமிருந்ததா? இன்று இருக்கிறது என்றால் அது நல்ல மாற்றமே. அன்று போறணையடியில் ஆண்கள் மட்டுமே வெந்தார்கள். இன்று வீட்டில் கேக் செய்து பழகிய பெண்களுக்கும் இது தொழிலாகிறது.

ஆனால் கேக் வாங்குவது பிறந்தநாளுக்கு. பாண் வாங்குவது நாளாந்தம். சம்பலும் பருப்பும் வைத்து ஒரு குடும்பம் இராச்சாப்பாட்டை முடிக்க 450 கிராம் பாண்தான் வேண்டும். கூலிக்குப் போகிறவரும் வாவியில் வலை இழுத்துவிட்டு வருகிறவரும் குளிரூட்டிக் கதவைத் தள்ளித் திறக்கக் கூச்சப்படுவார்கள் என்றால் அந்தக் கடை ஊருக்குள் இருந்தும் ஊர்க்கடை ஆகாது.

தன்னாமுனையிலோ அதன் அயலிலோ பேக்கரி கபே திறக்க ஆயத்தமாகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலோரம் ஒரு ஜன்னல் வையுங்கள். காலையிலும் மாலையிலும் சூட்டுப் பாண் அதில் கிடைக்கட்டும். நிறையும் விலையும் பலகையில் தெரியட்டும். உள்ளே கேக்கின் பக்கத்தில் அரிசிமாப் பலகாரத்துக்கும் எருமைத் தயிருக்கும் ஒரு தட்டு ஒதுக்குங்கள். கப்பலில் வரும் கோதுமையையும் எரிவாயுவையும் மட்டும் நம்பிய கடைக்கு என்ன நடக்கும் என்பதை 2022இல் எல்லோரும் பார்த்தோம்.