பையன் காரை இடித்துவிட்டான், கிளைம் போடலாமா?

கூடங்குளத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். காலேஜ் லீவு விட்டால் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணாச்சி, பய ரிவர்ஸ் எடுக்கயில கேட்டுல இடிச்சிட்டான். பம்பர் போச்சு. ஃபுல் இன்சூரன்ஸ்தானே, கிளைம் போட்டுருவமா?"

"அவசரப்படாதீங்க. பாலிசில நோ கிளைம் போனஸ் எவ்வளவுன்னு பாருங்க" என்பேன்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இளவயதுப் பிள்ளையின் பெயரைச் சேர்த்தாலே பிரீமியம் எகிறும். நம் ஊரில் வழக்கமான கார் பாலிசிக்கு ஓட்டுபவரின் வயதைப் பார்ப்பதில்லை. தேர்டு பார்ட்டி பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சி.சி. வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய். யார் இடித்தாலும் அது மாறாது. அடி விழுவது நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பங்கில்தான். கிளைம் இல்லாமல் ஓராண்டு ஓட்டினால் அதில் 20 சதவீதம் தள்ளுபடி; அதுதான் நோ கிளைம் போனஸ். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 ஆகும். பம்பருக்காக ஒரு கிளைம் போட்டாலும் மொத்தமும் பூஜ்ஜியம். ஓட்டியது மகன் என்றாலும் இழப்பது பாலிசிதாரரான அப்பா.

தள்ளுபடிக்கு முன் அந்தப் பங்கு 10,000 ரூபாய், இந்த ரினிவலில் 50 சதவீதம் கிடைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் போட்டால் இந்த முறை 5,000 ரூபாய் கூடுதல். பிறகு 3,000, 2,500, 1,500, 500. பழைய தள்ளுபடியைப் பிடிப்பதற்குள் 12,500 ரூபாய் போய்விடும். வண்டியின் மதிப்பு குறையக் குறைய இதுவும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கையில் வருவது எவ்வளவு? பம்பர் 4,000, கூலி 2,000 என்றால், பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பாதி கழிப்பார்கள். 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். மிச்சம் 3,000. தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் கவர் எடுத்திருந்தால் 5,000. இரண்டுமே நஷ்டம்தான். போனஸைக் காக்கும் தனிக் கவரை முன்பே எடுத்திருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

காவல்கிணறு நான்குவழிச் சாலையில் மோதி முன்பக்கமே நொறுங்கினால் யோசிக்காமல் கிளைம் போடுங்கள். யாருக்காவது காயம் என்றால் போலீசுக்கும் கம்பெனிக்கும் உடனே சொல்லியாக வேண்டும்.

"நான் ஓட்டினதா எழுதிருவமா?" என்று சில அப்பாக்கள் கேட்பார்கள். மகனிடம் லைசென்ஸ் இருந்தால் பொய்க்கு அவசியமே இல்லை. சொன்ன பொய் தெரிந்தால் கிளைமே நிராகரிக்கப்படலாம். எல்.எல்.ஆர். மட்டும் இருந்தால் எல் போர்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவரும் வேண்டும். பதினெட்டு நிரம்பாதவனிடம் காரைக் கொடுத்து அவன் குற்றத்தில் மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அதற்கெல்லாம் எந்தக் கம்பெனியும் இன்சூரன்ஸ் தராது. சாவியைப் பூட்டி வையுங்கள்.