ஐஸ் கட்டிக்குக் கட்டிய வீட்டில் விதவைச் சிறுமிகள் குடியேறியது எப்படி? சென்னை 'ஐஸ் ஹவுஸ்' கதை

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பமாகட்டும், காசிமேடாகட்டும், கடலுக்குப் போகிறவர்களுக்கு ஐஸ் என்பது டீசல் மாதிரி. "ஐஸ் ஏத்தியாச்சா?" என்று கேட்காமல் பெரிய படகு கிளம்பாது. பிடித்த மீன் ஏலத்துக்கு வரும்வரை கெடாமல் இருக்க ஐஸ்தான் வேண்டும். ஐஸ் பேக்டரியில் இருந்து வண்டியில் வரும், உடைத்துப் பெட்டியில் கொட்டுவார்கள், அவ்வளவுதான்.

இதே சென்னைக்கு ஒரு காலத்தில் ஐஸ் அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்தது என்றால் நம்ப முடிகிறதா? அதை இறக்கி வைக்கக் கட்டிய கட்டடம் இன்றும் மெரினா எதிரே, காமராஜர் சாலையில் நிற்கிறது. அரசுப் பதிவில் அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஆனால் பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் "ஐஸ் அவுஸ் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.

இந்த ஒரே கட்டடத்தில் ஐஸ் இருந்தது, ஒரு வக்கீல் குடும்பம் இருந்தது, துறவிகள் இருந்தார்கள், குழந்தை விதவைகள் இருந்தார்கள். யார், எப்போது, ஏன் வந்தார்கள் என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் இருந்து ஐஸ் ஏன் வந்தது?

பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரிக்கு ஒரு யோசனை வந்தது. மாசசூசெட்ஸ் பகுதியில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை அறுத்து எடுக்க ஆகும் கூலிதான் செலவு. அதை வெயில் ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றால் என்ன? 1806-ல் கரீபியன் தீவான மார்டினிக்குக்கு முதல் சரக்கை அனுப்பினார். ஊரே சிரித்தது. பிற்காலத்தில் அதே ஊர் அவரை 'ஐஸ் ராஜா' என்று அழைத்தது.

1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸோடு பாஸ்டனில் இருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய நான்கு மாதம் பயணம். போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் உருகாமல் மிச்சம் இருந்தது. அதன் ரகசியம் மரத்தூள். கட்டிகளை நெருக்கமாக அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்துவிட்டால் வெளிச்சூடு எளிதில் உள்ளே போகாது.

வியாபாரம் சூடுபிடித்ததும் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று இடங்களிலும் ஐஸ் கிடங்குகள் எழுந்தன. மெட்ராஸ் கிடங்கு கட்டப்பட்ட ஆண்டு 1842. ஹென்றி டேவிட் தோரோ எழுதிய 'வால்டன்' என்ற புகழ்பெற்ற நூலில் மெட்ராஸ் பெயர் வருவதற்குக் காரணமும் இந்த வியாபாரம்தான். அவர் வாழ்ந்த ஏரியிலும் டியூடரின் ஆட்கள் ஐஸ் அறுத்தார்கள்.

துறைமுகமே இல்லாமல் எப்படி இறக்கினார்கள்?

அன்றைய மெட்ராஸில் கப்பல் வந்து கட்ட இடமே இல்லை. இன்று ராயபுரம் பக்கம் நீண்டு கிடக்கும் துறைமுகத்துக்கான வேலை 1870-களின் நடுவில்தான் தொடங்கியது. அதற்கு முன்பு கப்பல்கள் கரையில் இருந்து தள்ளி, நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும்.

மசூலா படகில் ஆணி இருக்காது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் மோதினால் உடைந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஏரியில் அறுத்தவன் அமெரிக்கன், லாபம் பார்த்தது டியூடர் கம்பெனி. அலையைத் தாண்டிக் கரை சேர்த்தது இந்தக் கடற்கரை ஜனங்களின் தோள்வலு. நான்கு மாதம் தாங்கி வந்த சரக்கு, கடைசி ஒரு மைலில் உருகாமல் இருந்தது அவர்களால்தான். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

கிடங்கு எப்படி வீடானது?

1870-களில் இந்தியாவிலேயே நீராவி இயந்திரம் வைத்து ஐஸ் தயாரிக்கத் தொடங்கினார்கள். கப்பல் ஐஸுக்கு மவுசு போனது. டியூடர் கம்பெனியின் வியாபாரம் படுத்தது. கட்டடம் விலைக்கு வந்தது.

வாங்கியவர் பிலிகிரி ஐயங்கார், மெட்ராஸ் உயர் நீதிமன்ற வழக்கறிஞர். ஐஸுக்கு வெளிக்காற்று ஆகாது. மனிதனுக்கோ காற்றில்லாமல் ஆகாது. அதனால் தடித்த சுவர்களில் ஜன்னல்கள் வைத்தார், சுற்றிலும் வட்ட வராந்தாக்கள் எடுத்தார். தன் நண்பரான நீதிபதி கெர்னனின் நினைவாக 'கேசில் கெர்னன்' என்று பெயர் சூட்டினார். வீட்டின் ஒரு பகுதியை ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்க விட்டார்.

விவேகானந்தர் எத்தனை நாள் இருந்தார்?

ஒன்பது நாள். 1893-ல் சிகாகோவில் பேசிவிட்டு, மேற்கு நாடுகளைச் சுற்றிவிட்டு, கொழும்பு, பாம்பன் வழியாக 1897 பிப்ரவரி 6 அன்று எழும்பூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். பெரும் கூட்டம். இளைஞர்கள் வண்டியில் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்தார்கள். பிலிகிரி ஐயங்கார் வீட்டில் தங்கி, நகரில் சொற்பொழிவுகள் ஆற்றி, பிப்ரவரி 15 அன்று கப்பலில் கல்கத்தா கிளம்பினார்.

'எங்களுக்கு இங்கே ஒரு மடம் வேண்டும்' என்று மெட்ராஸ் அன்பர்கள் கேட்டதால், தன் சகோதரத் துறவி ராமகிருஷ்ணானந்தரை அனுப்பிவைத்தார். தென்னிந்தியாவின் முதல் ராமகிருஷ்ண மடம் சில ஆண்டுகள் இந்த வீட்டில்தான் இயங்கியது. பிலிகிரி ஐயங்கார் இறந்த பிறகு வீடு ஏலத்துக்குப் போனது. மடம் 1907-ல் மயிலாப்பூரில் சொந்தக் கட்டடத்துக்கு மாறியது. ஐஸ் ஹவுஸை 1917-ல் அரசு வாங்கியது.

குழந்தை விதவைகள் எப்படி வந்தார்கள்?

இந்த வீட்டின் கதையில் கனமான பகுதி இதுதான்.

விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்குள் வரவில்லை. மேல்சாதிக் குடும்பங்களில் பத்து வயதுக்குள் கல்யாணம், அவன் முகம் மனதில் பதிவதற்குள் தாலி போய்விடும். பிறகு மொட்டைத் தலை, ஒற்றைப் புடவை, ஒருவேளைச் சோறு. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதிரே வந்தால் அபசகுனம். பதினோரு வயதுப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

1886-ல் பிறந்த சுப்புலட்சுமியும் அப்படிச் சிறுவயதில் கணவனை இழந்தவர்தான். ஒரே வித்தியாசம், தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மெட்ராஸ் மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்.

மறு ஆண்டே எழும்பூரில் நான்கைந்து விதவைச் சிறுமிகளோடு ஒரு சிறு விடுதியைத் தொடங்கினார். பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் துணைநின்றார். பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆசிரியைகள் கிடைக்காத காலம் அது. கல்யாணமான பெண்ணை வேலைக்கு விட மாட்டார்கள். ஆக, எந்தப் பெண்ணை 'வீட்டுக்கு ஆகாதவள்' என்று ஒதுக்கினார்களோ, அவளை ஆசிரியை ஆக்கலாம் என்பதுதான் கணக்கு.

ஆனால் இப்படி ஒரு விடுதிக்கு ஆசாரமான தெருக்களில் யார் வீடு தருவார்கள்? கடற்கரையில் தனியாக நின்ற ஐஸ் ஹவுஸ் கைகொடுத்தது. சிறுமிகள் அங்கே குடியேறினார்கள். அது பிராமண விதவைகளுக்கான விடுதி என்பதையும் சொல்லியாக வேண்டும். மற்ற சாதிப் பெண்களுக்கு அதில் இடம் இல்லை. அந்த எல்லைக்குள்தான் அந்தச் சீர்திருத்தம் நடந்தது.

அங்கிருந்து படித்துக் கிளம்பியவர்கள் ஆசிரியைகளாகப் பள்ளிகளுக்குப் போனார்கள். சொந்தச் சம்பளம், சொந்த முடிவு. 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் தலைவர் சுப்புலட்சுமி. பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929-ல் வந்தது. மத்திய அரசு 1958-ல் சுப்புலட்சுமிக்குப் பத்மஸ்ரீ அளித்தது. 1969-ல் காலமானார்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

விதவைகள் விடுதிக்குப் பிறகும் அந்த வீட்டில் பெண்கள்தான் இருந்தார்கள். ஆசிரியைப் பயிற்சி மாணவிகளின் விடுதியாகப் பல பத்தாண்டுகள் இயங்கியது. விவேகானந்தரின் நூற்றாண்டையொட்டி 1963-ல் அரசு அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயரிட்டது. 1997-ல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குத் தந்தது. 1999 முதல் நிரந்தரக் கண்காட்சி நடக்கிறது.

ஒன்பது நாள் தங்கியவர் பெயர் அரசு ஏட்டில் நிலைத்தது. ஐஸின் பெயர் போலீஸ் ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஜனங்களின் வாயிலும் நிலைத்தது. பல ஆண்டுகள் தங்கி, எழுந்து நடந்து, சம்பாதிக்கக் கற்றுக்கொண்ட சிறுமிகளின் பெயர் இரண்டிலும் இல்லை. பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போனால், இந்த மூன்றாவது கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.