ஜன்னலுக்கு அந்தப் பக்கம் – 17: கேட்டவருக்கே நஷ்டம்

போன வாரம் விட்ட இடம்: எழுத்தில் மனு வராவிட்டால் ஓய்வூதியமும் உதவித்தொகையும் தரும் அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் ஒரு சென்ட்கூடத் தராது. ஏன் என்று மறுபடியும் விளக்கப்போவதில்லை. இதழைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹெல்ப்லைனில் தப்பாகச் சொல்லிவிட்டார்கள், அதை நம்பிப் பணம் போயிற்று, இப்போது எந்தப் படியேறி முறையிடுவது என்பதுதான் இந்த வாரத்துக்கு ஒப்புக்கொண்ட விஷயம். எழுதுகிறேன். ஆனால் நான்கு நாளாக என் தலைக்குள் கோதுமை ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இறக்கி வைக்காமல் டெலிபோனுக்கு வர முடியாது.

1945. ஐடஹோ மாநிலம், பான்வில் கவுன்ட்டி. ஒரு விவசாயக் குடும்பம் 460 ஏக்கரில் வசந்தகாலக் கோதுமை போட்டிருந்தது. அதில் 400 ஏக்கர் மறுவிதைப்பு. முதலில் குளிர்காலக் கோதுமை விதைத்த அதே நிலத்தில் மறுபடி விதைத்தது. பயிர்க் காப்பீடு செய்ய உள்ளூர் விவசாயக் கமிட்டிக்குப் போனார்கள். மத்திய அரசின் காப்பீட்டுக் கழகத்துக்கு அங்கே ஏஜென்ட் அந்தக் கமிட்டிதான். நம்மூரில் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் சொன்னால் அரசாங்கமே சொன்ன மாதிரி என்று எடுத்துக்கொள்கிறோமே, அப்படித்தான் அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். மறுவிதைப்பு என்பதை மறைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னார்கள். முழுப் பயிருக்கும் காப்பீடு உண்டு என்று கமிட்டி சொல்லிற்று. மேலே போன விண்ணப்பத்தில் மட்டும் மறுவிதைப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை. மே மாதம் கழகம் அதை ஏற்றுக்கொண்டது. ஜூலையில் வறட்சி. பெரும்பாலான பயிர் போயிற்று.

மறுவிதைப்புப் பயிருக்குக் காப்பீடு கிடையாது என்று அந்த வருடம் பிப்ரவரியிலேயே விதி வந்திருந்தது. எங்கே? ஃபெடரல் ரிஜிஸ்டரில். அதாவது அரசிதழில். விவசாயி அதைப் பார்த்ததில்லை. கமிட்டியும் பார்க்கவில்லை என்றுதான் தெரிகிறது. ஐடஹோ நீதிமன்றங்கள் விவசாயி பக்கம் நின்றன. 1947-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று திருப்பிப் போட்டது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர். அரசிதழில் வந்துவிட்டால் எல்லோருக்கும் தெரிந்ததாகவே அர்த்தம், தெரியாதவர் எவ்வளவு கஷ்டப்பட்டாலும் சரி என்றார். அரசாங்கத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கிறவன் ஒவ்வொரு மூலையிலும் செங்கோணமாகத் திரும்ப வேண்டும் என்று நீதிபதி ஹோம்ஸ் 1920-ல் சொல்லிவைத்ததையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

எனக்கு இந்த வாரம் தூக்கம் போனது இதனால் அல்ல, எதிர்த்தரப்பில் நின்ற நீதிபதி ராபர்ட் ஜாக்சனால். அந்தத் தடித்த, சலிப்பூட்டும் அரசிதழை வரவர உட்கார்ந்து படிக்கிற விவசாயிக்குப் பயிர்க் காப்பீடே தேவைப்படாது, ஏனென்றால் விதைக்க அவனுக்கு நேரமே இருக்காது என்கிறார் ஜாக்சன். செங்கோணத் திருப்பம் குடிமகனுக்கு மட்டும்தானா, அரசாங்கத்துக்குக் கிடையாதா என்றும் கேட்கிறார். முந்தின வருடம் வரை நூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களுக்கு எதிராக அமெரிக்காவின் தலைமை வழக்குரைஞராக நின்றவர் இவர். அங்கிருந்து திரும்பிவந்து ஐடஹோ கோதுமைக்காக வரிந்துகட்டியிருக்கிறார்.

ஜாக்சனை ஒரேயடியாக விவசாயிகளின் தோழர் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1942-ல் தீர்ப்பான இன்னொரு கோதுமை வழக்கு உண்டு. ஓஹாயோ விவசாயி ஒருவர் அரசு அனுமதித்த 11.1 ஏக்கருக்குப் பதிலாக 23 ஏக்கரில் விதைத்துவிட்டார். உபரி 239 புஷல், அபராதம் 117 டாலர் 11 சென்ட். என் வீட்டு ஆடு மாடு கோழிக்குத்தானே என்று அவர் எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். அபராதம் செல்லும் என்று தீர்ப்பு எழுதியது இதே ஜாக்சன்தான். அரசாங்கத்தின் அதிகாரத்தை எப்போதுமே குறைத்துப் பேசியவர் அல்ல அவர். அதனால்தான் 1947-ல் அவர் சொன்னதற்கு எனக்கு இத்தனை மதிப்பு.

சரி, ஜன்னலுக்கு வருவோம்.

1974 ஜூன். ஒரு தாய் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போகிறார். இறந்துபோன தொழிலாளியின் குழந்தையை வளர்க்கும் தாய்க்கு ஒரு உதவித்தொகை உண்டு. அது எனக்குக் கிடைக்குமா என்று கேட்கிறார். கிடைக்காது என்கிறார் எதிரே இருந்த அலுவலர். தப்பு, கிடைக்கும். சந்தேகம் இருந்தாலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்ல வேண்டும் என்பது அலுவலகத்தின் சொந்தக் கையேட்டிலேயே இருக்கிறது. அதையும் அவர் சொல்லவில்லை. அந்தத் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். மறுவருடம் மே மாதம்தான் உண்மை தெரிந்து மனுக் கொடுத்தார். பணம் வர ஆரம்பித்தது. சட்டம் அனுமதித்த 12 மாத முன்தேதிப் பணமும் வந்தது. நான் முதலில் வந்த அன்றே மனுக் கொடுத்திருந்தால் அதற்கு முந்தைய 12 மாதமும் கிடைத்திருக்குமே, அதைக் கொடுங்கள் என்றார். கீழ் நீதிமன்றங்கள் கொடுக்கச் சொல்லின.

1981-ல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. அப்போதைய சுகாதாரத் துறைச் செயலர் பெயரால் ஷ்வைக்கர் வழக்கு என்பார்கள். அந்தக் கையேடு 13 தொகுதிகள் கொண்டதாம். ஆனால் அது அலுவலக உள் உபயோகத்துக்கானது, சட்ட பலம் இல்லாதது, அலுவலர் அதை மீறினால் அரசு கட்டுப்படாது. நீதிபதிகள் மார்ஷல், பிரென்னன் இருவர் மட்டும் மாறுபட்டார்கள்.

இதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அந்தத் தாய் யாரையும் எதையும் விசாரிக்காமல், தகுதி இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு மனுவை நீட்டிவிட்டு வந்திருந்தால் முழுப் பணமும் கிடைத்திருக்கும். பொறுப்பாக விசாரித்தவருக்குத்தான் நஷ்டம். விதிப்புத்தகம் படிக்க முடியாதவர்களுக்காகத்தான் விசாரணை ஜன்னலே திறந்து வைத்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த பதிலை நம்பினால் அது அவரவர் பொறுப்பு என்கிறது சட்டம். இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து என்னைப் பிடித்து ஆட்டுவது இதுதான்.

வாய்ச்சொல் என்பதால்தானே இந்தத் தொல்லை, காகிதம் கையில் இருந்தால் தப்பித்திருக்கலாமே என்று நினைக்கிறீர்களா? கலிஃபோர்னியாவில் சான் டியேகோ கடற்படைத் தளத்தில் வெல்டராக இருந்தவர் ஒருவர். கண்பார்வை குறைந்ததால் 1981-ல் அவருக்கு ஊனமுற்றோர் பென்ஷன் கிடைத்தது. வெல்டிங்குக்குப் போதாத பார்வை பள்ளிப் பேருந்து ஓட்டப் போதுமானதாக இருந்தது போலிருக்கிறது. பகுதி நேரமாக ஓட்டினார். இதை நான் இட்டுக்கட்டவில்லை, தீர்ப்பிலேயே இருக்கிறது. 1986-ல் ஓவர்டைம் வாய்ப்பு வந்தது. வெளி வருமானம் பழைய வேலையின் நடப்புச் சம்பளத்தில் 80 சதவீதத்தைத் தொட்டால் பென்ஷன் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை வருடம் தொட்டால்? கடற்படைப் பணியாளர் பிரிவில் கேட்டார். தொடர்ந்து இரண்டு வருடம் என்றார்கள். அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். அந்தத் தாள் பழசு. இரண்டு வருடம் என்பதை 1982-லேயே ஒரே வருடமாக மாற்றிவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் மறுபடி போய்க் கேட்டார். மறுபடி அதே பதில். ஆறு மாதப் பென்ஷன் நின்றது, 3,993 டாலர்.

1990 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கும் இல்லை என்றது. எழுதியவர் நீதிபதி கென்னடி. சட்டம் ஒதுக்காத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டம் சொல்கிறது; ஒரு கிளார்க்கின் தப்பான பதிலால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளுமென்றால் நாடாளுமன்றம் எதற்கு என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் கைகோத்துக்கொண்டால் 'அப்படித்தான் சொன்னார்' என்ற ஒற்றை வரியில் கஜானாவைக் காலி செய்யலாம். அவர் சொன்ன இன்னொரு காரணம்தான் எனக்கு ஒட்டவில்லை. சொல்லுக்குப் பொறுப்பேற்க வைத்தால் அரசாங்கம் இலவசமாக ஆலோசனை சொல்வதையே குறைத்துக்கொள்ளுமாம். 1982-ல் செத்துப்போன விதியை 1987-ல் சொல்கிற ஆலோசனை குறைந்தால் அந்த டிரைவருக்கு என்ன நஷ்டம்?

இனி டெலிபோன். சோஷியல் செக்யூரிட்டிக்கு நாடு முழுதும் ஒரே இலவச எண் என்ற ஏற்பாடு 1988 அக்டோபரில் ஆரம்பித்து 1989-ல் எல்லாப் பகுதிக்கும் பரவியது. அதுவரை உள்ளூர் அலுவலகத்தில் முகம் பார்த்துப் பேசியவர்கள் எங்கோ இருக்கும் குரலோடு பேசத் தொடங்கினார்கள். அதே 1989 டிசம்பரில் ஒரு பட்ஜெட் சட்டத்துக்குள் சத்தமில்லாமல் ஒரு பிரிவைச் சேர்த்தது அமெரிக்க நாடாளுமன்றம். அலுவலகம் தப்பான தகவல் கொடுத்து, அதனால் ஒருவர் மனுக் கொடுக்காமல் போயிருந்தால், தப்பாகச் சொன்ன அந்தத் தேதியிலேயே மனுக் கொடுத்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். தகுதி அதற்குப் பிறகுதான் வந்தது என்றால் அந்தப் பிந்தைய தேதி. 1982 டிசம்பருக்குப் பிந்தைய மாதங்களுக்கு இது செல்லும். அந்தத் தாய் இழந்தது அதற்கும் முந்தைய மாதங்கள். அவருக்கு இதனால் பயனில்லை.

வெல்டர் தோற்றது இந்தச் சட்டம் வந்து ஆறு மாதம் கழித்து. அவருடையது வேறு துறைப் பென்ஷன், அதனால் இந்தக் கதவு அவருக்கும் திறக்கவில்லை.

சட்டத்தின் கீழ் வந்த விதியில் எனக்குப் பிடித்தது, எது தப்பான தகவல் என்பதற்கு அது வைத்திருக்கும் அளவு. தவறானது மட்டுமல்ல, திசைதிருப்புவதும் முழுமையில்லாததும்கூடக் கணக்கில் வரும். நீங்கள் சொன்ன விவரத்தை வைத்து அலுவலர் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதும் சேர்த்தி. முழுமையின்மை சின்ன விஷயமில்லை. கணவனை இழந்தவர் முதலில் துணைவர் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, தன் சொந்த ஓய்வூதியத்தை 70 வயது வரை ஒத்திப்போட்டால் பிந்தையது பெரிதாக வளரும். அப்படி ஒரு வழி இருப்பதை அலுவலர்கள் பலருக்குச் சொல்லவே இல்லை என்று அந்தத் துறையின் தணிக்கை அலுவலகம் 2018-ல் அறிக்கை கொடுத்தது. நஷ்டக் கணக்கு 10 கோடி டாலரைத் தாண்டியது. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. பாதி சொன்னார்கள்.

பிடி எங்கே இருக்கிறது என்றால் சாட்சியத்தில். 'அவர்கள் அப்படிச் சொன்னார்கள்' என்ற உங்கள் வாக்குமூலம் மட்டும் இருந்தால் ஏற்கமாட்டார்கள் என்று விதி பச்சையாகவே சொல்கிறது. வேறு ஏதாவது அதைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். முதல்தரச் சாட்சியம் எது? அலுவலகம் அனுப்பிய கடிதம், அல்லது உங்கள் போன் அழைப்பைப் பற்றி அலுவலகமே எழுதி வைத்த குறிப்பு. அதாவது உங்களுக்குச் சாதகமான சிறந்த சாட்சி எதிராளியின் அலமாரியில் இருக்கிறது.

ஆகவே அந்த ஊர் ஆலோசகர்கள் சொல்லிக்கொடுப்பதெல்லாம் நம் பக்கத்து அலமாரியை நிரப்பும் வேலைதான். பேசிய தேதி, நேரம், எதிர்முனையில் இருந்தவர் பெயர், நீங்கள் கேட்ட கேள்வி, சொன்ன குடும்ப விவரம், வந்த பதில். விதி கேட்கும் விவரங்களும் ஏறக்குறைய இவையே. போனை வைத்தவுடன் குறித்துக்கொண்டால் ஒன்று, மூன்று வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் வேறொன்று. அதைவிடக் கெட்டிக்காரத்தனம், 'கிடைக்காது' என்று பதில் வந்தாலும் 'மனுக் கொடுக்கும் எண்ணம் எனக்கு உண்டு, இன்றைய தேதியில் பதிவு செய்யுங்கள்' என்று சொல்லிவிடுவது. அப்படிப் பதிவானால் அலுவலகம் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஓய்வூதிய வகைகளுக்கு அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் முறையான மனு போனால் பழைய தேதி நிற்கும். வறியோருக்கான உதவித்தொகைக்கு 60 நாள்தான். அந்த அலுவலர் சொன்ன பதில் சரியா தப்பா என்ற வழக்கே பிறகு தேவையில்லை. மறுத்தால் மறுப்பு காகிதத்தில் வரும், காகிதத்தை எதிர்த்து முறையிடலாம்.

தப்பான பதிலால் பணம் வராமல் போனதற்குத்தான் இவ்வளவும். தப்பான பதிலை நம்பி அதிகப் பணம் வாங்கிவிட்டு, பிறகு திருப்பிக் கொடு என்று கடிதம் வருகிறதே, அதற்கு வழி கொஞ்சம் எளிது. அலுவலகத்துக்குள்ளிருந்தே வந்த தப்பான விளக்கத்தை நம்பி வாங்கியிருந்தால் உங்கள் மேல் குற்றமில்லை என்று வைத்துக்கொள்ள விதி இருக்கிறது. தள்ளுபடி கேட்கத் தனிப் படிவமும் இருக்கிறது. ஆனால் இங்கேயும் சொன்னது யார், எப்போது என்ற கேள்விதான் முதலில் வரும்.

மேல்முறையீட்டுக்கு இடமில்லாமல் போய்விட்டது. நான்கு படிகள்: மறுபரிசீலனை, நிர்வாக நீதிபதி, மேல்முறையீட்டுக் குழு, பிறகு நீதிமன்றம். ஒவ்வொன்றுக்கும் 60 நாள் கெடு, அதோடு தபாலுக்கு 5 நாள். அடுத்த வாரம் அதைப் படிப்படியாக ஏறிப் பார்ப்போம், கான்பூர் வனஸ்பதி ஆலை குறுக்கே வராமலிருந்தால். விற்பனை வரி விலக்கு உண்டு என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கிய உத்தரப் பிரதேச அரசை, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படத்தான் வேண்டும் என்று 1970களின் கடைசியில் நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி பிடித்து நிறுத்தியிருக்கிறார். தீர்ப்பு நீளமானது. இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.