நினைவகத்தின் கொடுக்கல் வாங்கல்

வடபழனி முருகன் கோயிலில் முகூர்த்த நாளென்றால் எத்தனை திருமணங்கள்! அவற்றின் விருந்துகளுக்கு அண்டாவும் கரண்டியும் வாடகைக்குத் தரும் கடையொன்றை மனத்தில் கொள்ளுங்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் கடைக்காரர் பெரிய கிடங்குக்கு ஓடுவதில்லை. மொத்தமாகக் கொணர்ந்து அடுக்கி, கேட்பவர்க்குச் சில்லறையாகத் தருகிறார். திரும்பி வந்ததைத் தம் அலமாரியிலேயே வைத்துக்கொள்கிறார்.

சி மொழி நிரல்கள் கணினியின் நினைவகத்தைப் பெறும் முறையும் ஏறத்தாழ இதுவே. ஒரு பட்டியலில் எத்தனை பெயர்கள் வரும் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியுமாயின், வேண்டிய இடத்தை அப்பொழுது கேட்டுப் பெறுவதற்கு ‘மாலாக்’ என்னும் செயற்கூறு உண்டு. அது இயங்குதளத்தின் உறுப்பு என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். அன்று; அது நிரலோடு இணையும் நூலகத்தைச் சேர்ந்தது; நம் கதையின் கடைக்காரர். கிடங்குக்கு உரியது இயங்குதளத்தின் கருப்பகுதியாகிய கெர்னல்.

நம் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளம் லினக்ஸ் கெர்னலைக் கொண்டது. லினக்ஸில் இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கெர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகவே அளக்கும். வழக்கமான மேசைக் கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். நூறு பைட் கேட்கும் நிரலுக்கு அதிலிருந்து நறுக்கித் தருவது நூலகத்தின் வேலை. மிகப் பெரிய துண்டுகளை மட்டும் நூலகம் கெர்னலிடம் தனியே கேட்டு வாங்கும்.

இனி ஒரு விந்தை. மாலாக் ஒரு கிகாபைட்டுக்கு முகவரி தந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கிடைத்தது பெரும்பாலும் வாக்குறுதியே! ஒரு பக்கத்தில் நிரல் முதன்முதலாக எழுதும்போதுதான் கெர்னல் அதற்கு மெய்யான நினைவகத்தை ஒதுக்குகிறது. கேட்பவர் எல்லோரும் கேட்டதனைத்தையும் பயன்படுத்துவதில்லை என்பது அதன் கணக்கு. கணக்குப் பொய்த்து நினைவகம் தீர்ந்துவிட்டால், பெரும்பாலும் மிகுதியாக எடுத்துக்கொண்ட நிரலைத் தேர்ந்து நிறுத்திவிடும். கடுமையான நீதிதான், ஆயினும் எந்திரம் முழுவதும் முடங்குவதினும் மேல்.

வாங்கியதை ‘ஃப்ரீ’ என்னும் செயற்கூற்றால் திருப்பித் தரவேண்டும். சிறு துண்டுகள் பெரும்பாலும் கெர்னலுக்குப் போகாமல் நூலகத்தின் அலமாரியிலேயே தங்கும். ஆதலால், ஃப்ரீ செய்தும் அளவு குறையவில்லையே என்று திகைக்க வேண்டா. திருப்பித் தர மறந்தாலோ, நிரல் முடியும்போது கெர்னல் அனைத்தையும் மீட்டுக்கொள்ளும். இரவும் பகலும் ஓய்வின்றி ஓடும் நிரலில் இந்த மறதி நாளுக்கு நாள் பெருகும்.

இதனினும் கொடியது, திருப்பித் தந்த இடத்தில் மீண்டும் கை வைப்பது. அவ்விடம் அதற்குள் அதே நிரலின் வேறொரு பகுதிக்கு வழங்கப்பட்டிருக்கலாம். அங்குள்ள செய்தியைக் கெடுக்கவோ, சூதுடையோர் அதன் வழியே நுழையவோ இடமுண்டு. குரோம் உலவியை ஆக்குவோர் 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி, அதன் கடுமையான பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகள். அவற்றுள் பாதி இவ்வொரு வகையைச் சேர்ந்தவை.