செல்லின் பிடி

காரைக்காலில் அரசலாறு கடலோடு கலக்கும் பக்கம் மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் விசைப்படகைக் கவனித்திருப்பீர்கள். இஞ்சினை நிறுத்தினாலும் ஓட்டம் படகை இழுக்கும். முதலில் ஒரு கயிறு விழும், வேகம் குறையும். பிறகு வடத்தை இறுக்கிக் கட்டுவார்கள், படகு நிற்கும்.

இரத்த ஓட்டத்தில் போகும் வெள்ளையணுவும் இப்படித்தான் நிற்கிறது. உடலில் எங்காவது காயமோ கிருமியோ இருந்தால், அங்குள்ள இரத்தக் குழாயின் உட்சுவரில் செலக்டின் என்ற மூலக்கூறுகள் தோன்றும். அவை வெள்ளையணுவை லேசாகப் பிடிக்க, அது சுவரோரமாக உருளும். அடுத்தது பலமான பிடி. வெள்ளையணுவில் இருக்கும் எல்எஃப்ஏ-1, சுவரில் இருக்கும் ஐகாம்-1 என்பதைப் பற்றிக்கொள்ளும். நின்ற அணு, சுவரின் இடுக்கு வழியாக நுழைந்து திசுவுக்குள் போய்விடும். இப்படிப் பிடிக்கும் மூலக்கூறுகளுக்கு ஒட்டு மூலக்கூறுகள் என்று பெயர். அமெரிக்காவின் டிமோத்தி ஸ்பிரிங்கர் போன்றவர்கள் 1980களில் இவற்றைத் தேடிப் பிடித்தார்கள்.

இனி சிறுநீரகத்துக்கு வருவோம். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனவருக்கு இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்துகிறார்கள். வேலூர் சிஎம்சியில் 1971லேயே இதைச் செய்தார்கள். நம் புதுச்சேரி ஜிப்மரிலும் செய்கிறார்கள். ஆனால் வெள்ளையணுக்களுக்கு அது உயிர் காக்க வந்த உறுப்பு என்று தெரியாது. அயலான் என்று முடிவு செய்து, அதே இரண்டு பிடிகளைப் பற்றி உள்ளே இறங்கும். மருத்துவர்கள் இதை நிராகரிப்பு என்கிறார்கள்.

உள்ளே நடப்பது இன்னும் வியப்பு. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் ஒன்றையொன்று விடாமல் சேர்ந்திருக்க இ-காட்ஹெரின் என்ற ஒட்டு மூலக்கூறு வேண்டும். தாக்க வரும் வெள்ளையணுக்களில் ஒரு வகை டி செல்கள். அவற்றில் சிலவற்றின் மேல் சிடி103 என்ற மூலக்கூறு இருக்கிறது. அது பற்றுவது எதைத் தெரியுமா? அதே இ-காட்ஹெரினை! உறுப்பைக் கட்டிக் காக்கும் மூலக்கூறையே எதிரி கைப்பிடியாக்கிக்கொள்கிறது. பிறகு பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே அனுப்பும். செல் செத்துப்போகும்.

அப்படியானால் பிடியையே தடுத்துவிட்டால் என்ன? நல்ல கேள்வி. எலிகளில் அது பலித்தது. எல்எஃப்ஏ-1, ஐகாம்-1 இரண்டையும் சில நாள் மறைத்து வைத்ததும், மாற்றிப் பொருத்திய இதயத்தை எலிகள் ஏற்றுக்கொண்டன என்று 1992ல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதரில் சிறுநீரகம் பொருத்தியபோது ஐகாம்-1ஐ மட்டும் மறைத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. அரிதாகச் சில குழந்தைகள் இந்தப் பிடி இல்லாமலே பிறக்கிறார்கள். அவர்கள் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏராளம், ஆனால் ஒன்றும் காயத்துக்குப் போய்ச் சேராது. சீழ்கூடக் கட்டாது, தொப்புள்கொடி விழவே தாமதமாகும், கிருமித்தொற்று திரும்பத் திரும்ப வரும். பிடியை முழுக்க வெட்டினால் என்ன ஆகும் என்பதை இந்தப் பிள்ளைகளின் வேதனை சொல்கிறது.

ஆகவே, தாக்குதலை முன்கூட்டியே கண்டுபிடிப்பது முக்கியமாகிறது. வழக்கமான வழி பயாப்ஸி: வயிற்றில் ஊசி செலுத்தி, பொருத்திய சிறுநீரகத்தில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்ப்பது. வலியும் உண்டு, இரத்தக் கசிவும் நேரலாம். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் மாணிக்கம் சுதந்திரன் என்ற தமிழ்ப் பெயர் கொண்ட மருத்துவர், வேறு இடத்தில் தேடினார். சிறுநீரில்! நுண்குழாயில் புகுந்த டி செல்களில் சில சிறுநீரோடு வெளியேறும் அல்லவா? ஒரு செல் புரதத்தைச் செய்வதற்கு முன் அதற்கான தூது ஆர்என்ஏவை உண்டாக்கும். பெர்ஃபோரின், கிரான்சைம் இரண்டின் தூது ஆர்என்ஏவும் நிராகரிப்பு நடக்கும்போது சிறுநீர்ச் செல்களில் கூடுகிறது என்று அவர் குழு 2001ல் காட்டியது. 2003ல் சிடி103க்கும் அதையே காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. வீணென்று வெளியே போவதில் இவ்வளவு செய்தி இருந்திருக்கிறது.

2013ல் வெளியான ஆய்வில் 485 நோயாளிகளிடமிருந்து 4,300 சிறுநீர் மாதிரிகளைச் சோதித்தார்கள். இம்முறை மூன்று ஆர்என்ஏக்களைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பயாப்ஸியில் நிராகரிப்பு தெரிவதற்குச் சில வாரங்கள் முன்பே அந்தக் கணக்கு ஏறத் தொடங்கியிருந்தது. அந்தச் சில வாரங்களுக்குள் மருந்தை மாற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியுமா என்பது அடுத்து விடை காண வேண்டிய கேள்வி.